அணு, உயிரி, இரசாயன ஆபத்து: படை மருத்துவப் பணியாளர்கள் மனதில் எது பெரிது? தருமபுரி, கிருஷ்ணகிரி முன்னாள் ஏஎம்சிக்காரர்கள் (இராணுவ மருத்துவப் பிரிவினர்) சொல்லுங்கள்

அரூர் செவிலி:
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். அணு, உயிரி, இரசாயன ஆயுத ஆபத்தை இராணுவ மருத்துவப் பணியாளர்கள் தங்கள் மனதுக்குள் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதைக் கருத்தரங்குக்கு எடுத்திருக்கிறேன். எது என்றால் பயம், எது என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம், எதை நினைத்துப் பார்ப்பதே இல்லை? பாடப்புத்தகத்தில் மருந்தும் அளவும் இருக்கின்றன. அந்த மருந்தைக் கொடுக்கப் போகிறவர் என்ன நினைக்கிறார் என்பது இல்லை.

பொது மருத்துவமனை ஊழியர்களிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். 2005-இல் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வில் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம், "இப்படி நடந்தால் டூட்டிக்கு வர மனம் இருக்குமா" என்று கேட்டார்கள். ஒரே நேரத்தில் நிறையப் பேர் காயம்படும் சம்பவம் என்றால் 86 சதவீதம் பேர் வருகிறோம் என்றார்கள். இரசாயனம் என்றால் 68, கதிர்வீச்சு என்றால் 57, சார்ஸ் தொற்றுநோய் என்றால் 48. படையில் இருப்பவருக்கு "வரமாட்டேன்" என்று சொல்லும் இடமே இல்லை. அப்படியானால் அந்தப் பயம் எங்கே போகிறது? நம் இரண்டு மாவட்டத்திலும் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் நிறைய. ஏஎம்சி, இராணுவ நர்சிங் பிரிவில் இருந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

மத்தூர் ஹவில்தார்:
தங்கச்சி, நான் ஏஎம்சியில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எம்ஐ ரூமிலும் (யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறை) இருந்தேன், ஃபீல்ட் ஆம்புலன்ஸிலும் (போர்முனைக்குப் பக்கத்தில் இயங்கும் மருத்துவப் பிரிவு) இருந்தேன். இது என் அபிப்பிராயம் மட்டும்தான்.

மூன்றில் எங்களுக்குக் குறைந்த பயம் இரசாயனம். வெளியில் இருப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். "கேஸ்" என்று குரல் கேட்ட உடனே மூச்சை நிறுத்து, கண்ணை மூடு, மாஸ்க்கை மாட்டு, பலமாக ஊது, ஓரத்தில் கசிகிறதா பார். திரும்பத் திரும்பச் செய்து அது கைக்கு வந்துவிடும். கண்ணீர்ப்புகை விட்ட கூடாரத்துக்குள் மாஸ்க்கோடு அனுப்புவார்கள், ஒன்றும் ஆகாது. அப்புறம் உள்ளேயே கழற்றச் சொல்வார்கள். கண்ணும் மூக்கும் எரிந்து வெளியே ஓடி வரும்போது, இந்த ரப்பர் முகமூடி வேலை செய்கிறது என்பதை உடம்பே ஒத்துக்கொள்ளும். எத்தனை மணிநேர வகுப்பும் அந்த நம்பிக்கையைத் தராது.

ஆனால் மருத்துவப் பணியாளருக்கு அதோடு முடியவில்லை. மற்ற ஜவான் தன்னைக் காப்பாற்றிக்கொண்டால் போதும். நாங்கள் பாதுகாப்பு உடுப்பான அந்த சூட்டைப் போட்டுக்கொண்டு அடுத்தவனைக் காப்பாற்ற வேண்டும். கரிப்படலம் வைத்துத் தைத்த சூட், அதன்மேல் பூட்ஸ், தடித்த ரப்பர் கையுறை. இராஜஸ்தான் வெயிலில் உள்ளே வேர்த்து ஊற்றும். அந்தக் கையுறையோடு நாடி பிடித்தால் ஒன்றும் தெரியாது. நரம்பைத் தடவிப் பார்த்து ஊசி ஏற்ற முடியாது. காயம்பட்டவனும் மாஸ்க் போட்டிருப்பான், உதடு நீலமாகிறதா என்று பார்க்க முடியாது. ஸ்டெத் வைக்க வழியில்லை. என் கூட்டாளிகள் ராத்திரியில் பேசிக்கொண்டது இதைத்தான். விஷத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. "கண் முன்னால் ஒருத்தன் போய்க்கொண்டிருப்பான், நமக்குத் தெரியாமலே போய்விடும்" என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

அணு வேறு மாதிரி. அந்த வகுப்பில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். விழுந்தால் நாமும் இருக்கப்போவதில்லை, இதற்கு எதற்குப் பயிற்சி என்ற எண்ணம்தான் காரணம். அது காரணமில்லாமல் வந்ததும் இல்லை. ஹிரோஷிமாவில் இருந்த டாக்டர்கள், செவிலியர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். ஆனால் தூரத்தில் தீக்காயத்தோடு பிழைத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும் கட்டுப் போட்டதும் மீதி இருந்த அந்தச் சிலர்தான். "எல்லாம் முடிந்தது" என்று நினைக்கிற பணியாளர் பயிற்சியைக் காதில் வாங்க மாட்டார். என்னைக் கேட்டால் பயந்தவனைவிட இப்படிக் கைவிட்டவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

உயிரி ஆயுதத்தை நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. தடுப்பூசி போட்டாச்சு, பதிவேட்டில் ஏறியாச்சு, அவ்வளவுதான். அதற்குச் சைரன் இல்லை, வாசனை இல்லை, "இதோ வந்துவிட்டது" என்று சொல்ல ஒரு நேரமும் இல்லை.

பாலக்கோடு தக்காளி:
எல்லோரும் நல்ல விஷயம் எழுதுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் பாம்புக்கடிக்கும் தொப்பூர் கணவாய் விபத்துக்கும் ஆள் போதாத ஊரில் சாரின் விஷவாயு, ஆந்த்ராக்ஸ் கிருமி என்று கருத்தரங்கு நடத்தி என்ன பயன்? அரூர் சகோதரி தவறாக நினைக்க வேண்டாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

தருமபுரி கேஷுவாலிட்டி:
நியாயமான கேள்வி. நான் அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர். தோட்டத்துக்கு மருந்து அடிக்கப் போய், எதிர்காற்றில் நின்று மயங்கி விழுந்தவர்களை இந்த மாவட்டத்தில் எல்லா அவசரப் பிரிவும் பார்த்திருக்கிறது. கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும், வாயில் நுரை, மார்பு முழுக்கச் சளி, உடம்பெல்லாம் வேர்வை, தசை துடிப்பு. ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்தின் விஷம். அட்ரோபின் கொடுத்து மார்பில் சளிச்சத்தம் அடங்கும்வரை விடமாட்டோம், கூடவே பிஏஎம் (பிராலிடாக்சிம்) ஊசி.

சாரினும் இதே குடும்பம். உடம்பில் தாக்குகிற இடமும் அதே கோலினெஸ்டரேஸ் என்சைம், முறிமருந்தும் அதே இரண்டு. அதனால் "நெர்வ் ஏஜென்ட்" (நரம்பைத் தாக்கும் விஷம்) என்றதும் பெருநகரத்து டாக்டர் திகைக்கலாம். பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ இரவு டூட்டி பார்த்த சிஸ்டருக்கு அந்த நோயாளியின் முகம் தெரிந்த முகம். இந்தத் தைரியத்தை நம் ஆட்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நாம் மிகவும் அசட்டையாக இருக்கிறோம், அதுதான் உடுப்பு. 1995 மார்ச் 20, டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வைத்தார்கள். 5,000-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளைத் தேடி வந்தார்கள், பெரும்பாலோர் ஆம்புலன்ஸில் வரவில்லை, நடந்தும் டாக்ஸியிலும் கிடைத்த வண்டியிலும் வந்தார்கள். ரயில் நிலையங்களுக்கு அருகில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர். அவர்கள் போட்டிருந்த துணியிலிருந்து ஆவி கிளம்பி, காற்றோட்டம் இல்லாத கூடங்களில் வேலை பார்த்த ஊழியர்களுக்கும் கண் மங்கியது, தலை வலித்தது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஏதாவது ஒரு அறிகுறி. வந்தது சாரின் என்று உறுதியானதே சில மணி நேரம் கழித்துத்தான்.

நோயாளியின் சட்டை, வேட்டி, செருப்பை வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டிவிட்டால் மேலே ஒட்டியிருக்கும் விஷத்தில் பெரும்பகுதி போய்விடும். மீதிக்குத் தண்ணீரும் சோப்பும். இதைச் சாரினுக்காக என்று சொல்ல வேண்டாம், மருந்தடித்து விழுந்தவருக்காகவே செய்யலாம். நம் ஊரில் என்ன நடக்கிறது? நனைந்த உடுப்போடு ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, சுற்றிலும் பத்து சொந்தக்காரர்கள் நின்று, ஃபேனைப் போட்டு... பாலக்கோடு நண்பரே, கருத்தரங்கின் பயன் இதுதான்.

பாலக்கோடு தக்காளி:
புரிந்தது டாக்டர். எங்கள் பக்கம் தக்காளிக்கு மருந்தடிக்கிறவர்கள் வெறும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போகிறார்கள். இந்த இழையை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன்.

ஓய்வு மேஜர், கிருஷ்ணகிரி:
இராணுவ நர்சிங் சேவையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றேன். ஹவில்தார் தம்பி எழுதியதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் விட்டுவிட்டார், ஆண்கள் இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள் என்பதால் இருக்கலாம். வீடு.

பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது இளம் சிஸ்டர்கள் என்னிடம் கேட்டது விஷத்தின் பெயரையோ மருந்தின் அளவையோ இல்லை. "மேடம், குடும்ப குவார்ட்டர்ஸில் இருக்கிற குழந்தைக்கு மாஸ்க் உண்டா? டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் என் உடம்பிலிருந்து அதற்குப் போய்விடுமா?" இதுதான் கேள்வி. இதற்கு நேரான பதில் கிடைத்த யூனிட்டில் யாரும் பின்வாங்கிப் பார்த்ததில்லை. "அதெல்லாம் மேலிடம் பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்த இடத்தில் முகங்கள் மாறிவிடும். அரூர் பெண்ணே, நீ சொன்ன ஆய்வில் சார்ஸ் ஏன் கடைசியில் நிற்கிறது என்று யோசித்துப் பார். குண்டுக்காயம் வீட்டுக்குத் தொற்றாது.

இரண்டாவது, மறைப்பு. 1943 டிசம்பர் 2, இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. மூழ்கிய அமெரிக்கக் கப்பல்களில் ஒன்றில் மஸ்டர்ட் வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. மருத்துவமனைக்கு ஒருவரும் சொல்லவில்லை. எண்ணெயில் நனைந்து வந்த மாலுமிகளை அதே துணியோடு கம்பளியில் சுற்றி, சூடான தேநீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். மஸ்டர்ட் உடனே வலிக்காது, மணிக்கணக்கில் கழித்துத்தான் கொப்புளமும் கண் வீக்கமும் வரும். 600-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு, 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கவனித்த ஊழியர்களும் தப்பவில்லை. அந்தச் செவிலியர்கள் பயப்படவே இல்லை, ஏனென்றால் பயப்பட வேண்டியது எது என்று அவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. தைரியத்தை மட்டும் புகழ்ந்து பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் பாரியைச் சொல்வேன்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேல்மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்தன. இரசாயனக் குண்டு எதுவும் வரவில்லை. ஆனால் வரும் என்ற பயத்தில் 200-க்கும் மேற்பட்டவர்கள் அட்ரோபின் ஊசியைத் தாங்களே குத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். மாஸ்க்கின் வடிகட்டியைத் திறக்காமல் போட்டு மூச்சுத்திணறி இறந்தவர்களும் இருந்தார்கள். பொருளைக் கொடுத்துப் பழக்கம் கொடுக்காமல் விட்டால் இதுதான் நடக்கும்.

பர்கூர் பழைய இரும்பு:
நான் டாக்டரும் இல்லை, பட்டாளமும் இல்லை. சிப்காட் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். டில்லியில் ஒரு தடவை இரும்புக் கடையில் கதிர்வீச்சு வந்து ஆள் செத்ததாக எப்போதோ படித்த ஞாபகம். அது உண்மையா மேடம்? எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஓய்வு மேஜர், கிருஷ்ணகிரி:
உண்மைதான் ஐயா. 2010 ஏப்ரல், மாயாபுரி. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பயன்படுத்தாமல் கிடந்த, கதிரியக்கக் கோபால்ட்-60 இருந்த கருவி ஏலத்தில் போய், இரும்புக் கடையில் உடைக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் படுக்கையில் விழுந்தார்கள். பிரேசிலில் 1987-இல் கோயானியா நகரத்தில் இதைவிடப் பெரிதாக நடந்தது. கைவிடப்பட்ட புற்றுநோய் சிகிச்சை மையத்திலிருந்து எடுத்த சீசியம்-137 பெட்டியை இரும்புக் கடையில் உடைத்தார்கள். நீலமாக ஒளிர்ந்த தூளை அதிசயமாக நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமி. உடம்பிலோ உடம்புக்குள்ளோ சீசியம் ஒட்டியவர்கள் 249 பேர். ஆனால் பயந்து பரிசோதனைக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தச் சிறுமியின் உடலைக் கல்லறையில் வைக்கக் கூடாது என்று மக்கள் கல்லெறிந்தார்கள்.

உங்கள் கடைக்கு: அளவுக்கு மீறிக் கனக்கிற ஈயப் பெட்டியோ உருளையோ, மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் அடையாளமோ கண்டால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். எல்லோரையும் தள்ளி நிற்க வைத்து போலீசுக்குச் சொல்லுங்கள், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்வரை அவர்கள் கொண்டுபோவார்கள். வேலையாளுக்குக் காரணமில்லாமல் கை கருத்துப் புண்ணானாலோ, வாந்தி எடுத்து முடி கொட்டினாலோ, டாக்டரிடம் இரும்புக் கடையில் வேலை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

செவிலியர்களுக்கு: கதிர்வீச்சு பட்டவர் தொற்றுநோயாளி இல்லை. உடம்பின்மேல் தூசி ஒட்டியிருந்தால் உடுப்பைக் கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். இரத்தம் கொட்டுகிறது, மூச்சு திணறுகிறது என்றால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும், கருவி வைத்து அளப்பது அப்புறம். அயோடின் மாத்திரை எல்லாக் கதிர்வீச்சுக்கும் மருந்து என்ற எண்ணம் படையிலும் உண்டு. அது கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும் காக்கும். சீசியத்துக்குப் பிரஷ்யன் ப்ளூ என்ற மருந்து, அதைத்தான் கோயானியாவில் கொடுத்தார்கள்.

பர்கூர் பழைய இரும்பு:
ரொம்ப நன்றி மேடம். பையன்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

தேன்கனிக்கோட்டை கால்நடை:
உயிரி ஆயுதத்தை யாரும் நினைப்பதில்லை என்று ஹவில்தார் ஐயா எழுதியது கால்நடை மருத்துவரான எனக்கு உறுத்துகிறது. 2001-இல் அமெரிக்காவில் கடித உறைக்குள் ஆந்த்ராக்ஸ் தூள் அனுப்பி ஐந்து பேர் இறந்தார்கள், உலகமே நடுங்கியது. அந்தக் கிருமிதான் நம் ஆடு மாடுகளுக்கு வரும் அடைப்பான். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிகிற மாட்டை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும் என்று கிராமம் கிராமமாகச் சொல்லி வருகிறோம். திறந்துவிட்டால் கிருமி விதையாக மாறி மண்ணில் பல்லாண்டு கிடக்கும்.

பிளேக்கும் அப்படித்தான். கர்நாடகா, ஆந்திரா, தமிழ்நாடு மூன்றும் சேரும் இந்த மூலை பழைய பிளேக் பகுதி. ஓசூரில் இருக்கும் நோய்க்கடத்தி, விலங்குவழி நோய்களுக்கான அரசு நிறுவனம் எலிகளைப் பிடித்து இன்றும் கண்காணிக்கிறது. 1994-இல் சூரத்தில் பிளேக் என்றதும் இலட்சக்கணக்கான மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், தனியார் டாக்டர்கள் பலரும் ஓடினார்கள். பிளேக்குக்கு டெட்ராசைக்ளின் போன்ற சாதாரண மருந்தே கேட்கும் என்பது டாக்டர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஓடினார்கள். அதனால் அறிவைக் கொடுத்தால் பயம் போய்விடும் என்று மட்டும் கருத்தரங்கில் எழுதிவிடாதே அம்மா. கையில் மருந்து, முகத்தில் கவசம், பக்கத்தில் ஓடாமல் நிற்கிற ஒரு மூத்தவர். இது மூன்றும் வேண்டும்.

மத்தூர் ஹவில்தார்:
கால்நடை டாக்டர் சார் கடைசியில் சொன்னது நூற்றுக்கு நூறு. மாஸ்க்கைச் சோதிக்க முதலில் கூடாரத்துக்குள் போனது எங்கள் சுபேதார் சாப். அவர் நின்றதால்தான் நாங்கள் நின்றோம்.

ஓசூர் சேஃப்டி:
தொழிற்சாலைப் பாதுகாப்பில் வேலை. போர் வேண்டாம், சமாதான காலத்திலேயே நம் பக்கம் குளோரின் சிலிண்டர் இருக்கிறது, குளிர்பதனக் கிடங்குகளில் அமோனியா இருக்கிறது, 44-ஆம் நெடுஞ்சாலையில் ராத்திரி பகலாக டேங்கர் ஓடுகிறது. குளோரினைத்தான் 1915-இல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்துக்கு அருகில் முதல் பெரிய வாயு ஆயுதமாகத் திறந்துவிட்டார்கள். போபால் 1984-உம் ஆலை விபத்துதான். அந்த இரவில் வந்து குவிந்த மக்களுக்கு என்ன சிகிச்சை என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை, கசிந்தது எது, முறிமருந்து என்ன என்று தெளிவாகச் சொல்ல ஆள் இல்லை. மேஜர் மேடம் எழுதிய பாரியே திரும்ப நடந்த மாதிரி இருக்கிறது.

அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறது, இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். ஆனால் அவர்கள் வந்து சேர சில மணி நேரம் ஆகும். அதுவரை கையாளப் போவது 108 ஊழியரும் பக்கத்து அரசு மருத்துவமனை சிஸ்டரும்தான். டேங்கர் கவிழ்ந்தால் காற்று வருகிற பக்கமாக, மேட்டுப் பக்கமாக நில்லுங்கள். குளோரின் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். தொப்பூர் மாதிரி கணவாயில் இது உயிர்ப் பிரச்சினை.

அரூர் செவிலி:
எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஹவில்தார் அண்ணா, மேஜர் மேடம், ஒரு உதவி. கேள்வித்தாளில் "இரசாயன ஆபத்தை எந்த அளவு பயப்படுகிறீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும்" என்று வைத்திருந்தேன். இப்போது அது போதாது என்று தோன்றுகிறது. என்ன கேட்கலாம்?

மத்தூர் ஹவில்தார்:
பயமா என்று கேட்டால் பட்டாளத்துக்காரன் "இல்லை" என்றுதான் எழுதுவான். அதனால் வேறு மாதிரி கேளுங்கள். கடைசியாக மாஸ்க் மாட்டியது எப்போது? அதைப் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வேலை பார்த்தீர்கள்? கையுறையோடு ஐவி (நரம்பு ஊசி) போட்டுப் பழகியிருக்கிறீர்களா? உங்கள் யூனிட்டில் அட்ரோபின் எந்த அலமாரியில் இருக்கிறது?

ஓய்வு மேஜர், கிருஷ்ணகிரி:
வீட்டைப் பற்றியும் கேள். டூட்டி நீண்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள், குடும்பத்துக்குத் தகவல் யார் சொல்வார்கள் என்று. அணுவுக்கு மட்டும் தனியாக ஒரு கேள்வி வை: "அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி உங்கள் மருத்துவமனை இருந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?" வெற்றிடமாக விட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணு. உனக்கு வேண்டிய பதில் அந்த வெற்றுத் தாள்களில் இருக்கும். ஆனால் படையில் பணியில் இருப்பவர்களிடம் கேட்பதற்கு எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களிடமிருந்து தொடங்கு, அதுதான் சுலபம்.

தருமபுரி கேஷுவாலிட்டி:
அதே கேள்வித்தாளை மாவட்ட மருத்துவமனை சிஸ்டர்களிடமும் கொடுங்கள். ஆர்கனோபாஸ்பேட் பார்த்துப் பழகியவர்களுக்கும் படையில் மாஸ்க் பழகியவர்களுக்கும் பதில் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

ஓசூர் சேஃப்டி:
எங்கள் ஆலையில் பயிற்சிக்கு வைத்திருக்கும் தடித்த ரப்பர் கையுறைகளும் முழுமுக மாஸ்க் சிலவும் இருக்கின்றன. மேலாளரிடம் கேட்டுவிட்டேன், ஒருநாள் எடுத்து வரலாம் என்றார். கருத்தரங்கன்று மாணவிகளை அதைப் போட்டுக்கொண்டு பொம்மைக் கையில் ஐவி போடச் சொல்லுங்கள். தேதியும் எத்தனை பேர் வருவார்கள் என்பதையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், மாஸ்க் அளவு பார்த்து எடுத்து வைக்க வேண்டும்.